மஹ்ரூப் அமர்ந்த சஹன்

கடுகண்ணாவையில் முஸ்லிம் வீட்டுக் கலியாணம் என்றால், வருகிற ஆண்கள் செருப்பைக் கழற்றியதும் மஹ்ரூபைத் தேடுவார்கள். மாப்பிள்ளையைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். எந்தச் சஹனில், யாரோடு உட்காரப் போகிறோம் என்பது மஹ்ரூபின் கண்ணசைவில் இருந்தது.

சஹன் என்பது பெரிய வட்டத் தட்டு. நடுவில் சோற்றைக் குவித்து, மேலே பொரித்த கோழி, சுற்றிலும் இறைச்சிக் கறி, கத்தரிக்காய் மோஜு, அச்சாறு எல்லாம் வைத்து, ஒரு தட்டைச் சுற்றி ஆறு பேர் பாயில் அமர்ந்து உண்பார்கள். தனித்தனிப் பீங்கான் தட்டுக் கிடையாது. ஒவ்வொருவரும் தம் முன்னால் உள்ள சோற்றை உண்டு நடுவை நோக்கி வருவார்கள். அறுவரில் ஒருவர் இறைச்சியைப் பிய்த்து மற்றவர்கள் பக்கம் தள்ளிவைப்பார். அதை எடுத்து உண்ண வேண்டும். முகம் பார்க்காமல் உண்ண வழியில்லை. பேச்சுவார்த்தை இல்லாத இருவரை ஒரு சஹனில் இருத்திவிட்டால் மீதி நான்கு பேருக்கும் சோறு இறங்காது.

என் பெயர் மத்தியாஸ். நான் கத்தோலிக்கன், மஹ்ரூபின் எதிர்வீட்டுக்காரன். ரயில்வே களஞ்சியத்தில் கணக்கு எழுதி ஓய்வு பெற்றேன். கீழே வருவதில் பெரும்பகுதி நான் நேரில் கண்டது. சில இடங்கள் மஹ்ரூபின் மனைவி றலியா வேலிக்கு அந்தப் பக்கம் நின்று என் மனைவி பியட்றிஸிடம் சொன்னவை. எது எதுவென்று அந்தந்த இடத்தில் குறித்திருக்கிறேன்.

மஹ்ரூப் 1965ஆம் ஆண்டு அக்டோபரில் கடுகண்ணாவையில் பிறந்தார். அடையாள அட்டையில் 1966 என்று இருப்பது பதிவில் நேர்ந்த பிழை. பிரதான வீதியில் தகப்பனாருக்குச் சட்டி பானைக் கடை இருந்தது. மஹ்ரூபுக்குப் பதினான்கு வயதானபோது தகப்பனார் காலமானார். அண்ணன் ஸிபான் அப்போதுதான் தெல்தோட்டையில் ஆசிரியராக நியமனம் பெற்றிருந்தார். வார நாட்களில் அங்கே படிப்பித்து, சனி ஞாயிறில் இங்கே வந்து கடையைத் திறந்து, தாயையும் தம்பியையும் காப்பாற்றினார். தம்பியைச் சாதாரண தரப் பரீட்சை வரை படிக்கவும் வைத்தார். மஹ்ரூபுக்குப் படிப்பு ஏறவில்லை, கடை ஏறியது. பத்தொன்பதாவது வயதில் கடையைத் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டார்.

கடையில் சஹன்களை வாடகைக்கு விடும் வழக்கம் தகப்பனார் காலத்திலேயே இருந்தது. கொண்டுபோகிறவர்கள் குறைத்துத் திருப்பித் தந்ததால், மஹ்ரூப் கலியாண வீட்டுக்குத் தானே போய் எண்ணி ஏற்றிவரத் தொடங்கினார். சாப்பாடு முடியும் வரை அங்கே சும்மா நிற்கவேண்டி வந்தது. நின்றவர் வாசலுக்கு வந்தார். வாசலுக்கு வந்தவர் ஆட்களை அமர்த்தத் தொடங்கினார். சில ஆண்டுகளில் சஹனுக்குச் சொல்ல வருகிறவர்கள், “நீங்களும் வருவீங்கதானே?” என்று கேட்டு உறுதிப்படுத்திக்கொண்டுதான் நாளே குறித்தார்கள்.

அவருடைய திறமையை நான் பலமுறை அருகில் நின்று கவனித்திருக்கிறேன். வேகமாக உண்பவரைப் புதிதாகப் பல் கட்டியவரோடு இருத்தமாட்டார். சீனி வியாதிக்காரருக்குப் பக்கத்தில் இனிப்பான வட்டலப்பத்தில் ஆசையுள்ள ஒருவரை வைப்பார்; இருவருக்கும் திருப்தி. பள்ளிவாசல் நிர்வாகத்துக்கு எதிரெதிராகப் போட்டியிட்ட இருவரைப் பந்தலின் இரண்டு கோடியில் வைத்து, இருவரிடமும் இதுதான் தலை மூலை என்று சொல்லுவார். பேச்சில்லாதவர்கள் செருப்பைக்கூட ஒன்றுக்கொன்று தள்ளித்தான் கழற்றுவார்கள் என்பது அவருடைய கண்டுபிடிப்பு. பெண்கள் பகுதியை றலியா பார்த்துக்கொண்டார். யாரை யாரோடு வைக்கக்கூடாது என்பது மட்டும் முதல் நாளே மஹ்ரூபிடமிருந்து போய்விடும்.

மஹ்ரூப் நிற்கிற பந்தலில் குரல் உயராது என்று ஊரில் பெயர். அவருக்குக் கோபமே வராது என்றும் பெயர். அவரும் அதை நம்பியிருந்தார். தான் மட்டும் எந்தச் சஹனிலும் அமரமாட்டார். எல்லோரும் உண்டு முடிந்தபின் சமையற்காரர்களோடு அடுப்படியில் நின்று ஒரு பீங்கானில் சாப்பிடுவார். வேலை அப்படி என்று நாங்கள் எல்லோரும் எண்ணியிருந்தோம்.

2017ஆம் ஆண்டு மகள் இன்ஷிராவுக்குக் கிழக்கில் ஒரு பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்தது. விடுதியில் தங்கிப் படிக்க அனுப்பினார். குடும்பத்தில் சிலருக்கு அது பிடிக்கவில்லை. அந்த டிசம்பரில் கட்டுகஸ்தொட்டையில் ஒரு கலியாணம். நானும் போயிருந்தேன். ஸிபான் மாஸ்டர் ஏற்கெனவே சஹனில் அமர்ந்திருந்தார். மஹ்ரூப் அடுத்த சஹனுக்கு ஆட்களைக் கூட்டிவந்தபோது, மாஸ்டர் தம்மோடு இருந்தவர்களைப் பார்த்துச் சிரித்தபடி சொன்னார்:

“ஊராக்கள் எல்லாரையும் இருத்தத் தெரீம் இவனுக்கு. சொந்த மகள ஊட்டுல இருத்தி வெக்கத்தான் தெரீல்ல.”

சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். மஹ்ரூபும் சிரித்தார். தண்ணீர்ச் செம்பை எடுத்துவந்து அண்ணனுக்குக் கை கழுவ ஊற்றினார். அன்றிலிருந்து அண்ணனின் வீட்டுக்கு அவர் போகவில்லை. ஆனால் கலியாண வீடுகளில் மரியாதைக்குக் குறைவில்லை. மாஸ்டருக்கு முழங்கால் வலி என்பதால் ஒரு கதிரையும் சிறிய மேசையும் போட்டு, தனிப் பீங்கானில் பரிமாறச் செய்து, அவரோடு பேசப் படித்த ஆட்கள் இரண்டு பேரை அருகில் வைப்பார். அண்ணனை அவர் ‘நானா’ என்பார். கேட்டால், “நானாவோட எனக்கென்ன கோவம்? எனக்கு கோவம் வாறதில்லயே” என்பார். இன்ஷிரா விடுமுறையில் வந்தபோது ஒருமுறை இதைக் கேட்டுவிட்டு, “வாப்பா ஊர்ல எல்லாருட மொகத்தையும் பாக்கிறாங்க. கண்ணாடியில மட்டும் தாடியத்தான் பாக்கிறாங்க” என்று என் காதுபடச் சொன்னாள். அதற்கும் அவர் சிரித்தார்.

2023ஆம் ஆண்டு ஜனவரியில் ரயில் நிலையத்துக்குக் கீழே இருக்கும் ஆஸியா உம்மாவின் அக்கா காலமானார். அக்காவும் தங்கையும் ஒன்பது ஆண்டுகளாகப் பேசவில்லை. நோயில் கிடந்த தாயை யார் வைத்துப் பார்ப்பது என்பதில் வந்த பிணக்கு. மையித்து வீட்டுக்கு மஹ்ரூப்தான் பாய்கள் கொடுத்திருந்தார். மூன்றாம் நாள் அவற்றை எடுக்க முச்சக்கர வண்டியில் போனார். எனக்கும் அந்தப் பக்கம் மருந்து வாங்கவேண்டி இருந்ததால் நானும் ஏறிப் போனேன்.

ஆஸியா உம்மா அழுது ஓய்ந்த முகத்தோடு வாசல் கதவருகே இருந்தார். மஹ்ரூப் சொல்லவேண்டிய ஆறுதலைச் சொன்னார். அவர் கேட்டுக்கொண்டார். பிறகு எந்தக் கோபமும் இல்லாத குரலில் சொன்னார்:

“ஒவ்வொரு கலியாணத்துக்கும் உடுத்திக்கிட்டுப் போற நேரம் நெனப்பேன் தம்பி, இண்டைக்காவது எங்க ரெண்டு பேரையும் ஒரு சஹன்ல இருத்திருவாங்கண்டு. ஒருக்கா மறந்து போயாவது இருத்துவீங்கண்டு பாத்தேன். நீங்க மறக்கவே இல்ல.”

கொஞ்சம் பொறுத்து, “அவவும் பாத்திருப்பா” என்றார்.

மஹ்ரூப் பாய்களில் பாதியை வண்டியில் ஏற்றிவிட்டு மீதியை மறந்து வந்தார்.

அடுத்த நாள் காலையில் நடந்தது றலியா சொன்னது. பின்கட்டில் வெயில் விழும் இடத்தில் மஹ்ரூப் சஹன்களை அடுக்கிவைத்துத் தேய்த்துக்கொண்டிருந்தார். மஹ்ரூப் கேட்டார்:

“றலியா, நான் கோவக்காரனா?”

“ஓ, கோவக்காரர்தான்.”

“என்ன ஓ? எப்ப கோவப்பட்டுக் கண்டாய்?”

“நீங்க சஹன் தேய்க்கிற நேரமெல்லாம்.”

கழுவித்தான் சஹன் வீட்டுக்கு வரும் என்பதை றலியா அவருக்கு நினைவுபடுத்தினார். கழுவி வந்ததைத் தேசிக்காய் என்கிற எலுமிச்சைத் தோலும் உப்பும் வைத்து இவர் மறுபடி தேய்ப்பது சில நாட்களில் மட்டும்தான். றலியாவின் தம்பி சொல்லாமல் கடையில் சாமான் எடுத்துப்போன நாள். பக்கத்துக் கடைக்காரர் நடைபாதையை அடைத்துப் பலகை போட்ட நாள்.

“கட்டுகஸ்தொட்டைக் கலியாணத்தால வந்து அறுவத்துநாலு சஹனையும் தேச்சீங்க. ஒரு கெழம உங்கட கையில தேசிக்கா வாசம். நான் ஒண்டும் கேக்கல்ல. கேட்டா சிரிப்பீங்க.”

மஹ்ரூப் கையிலிருந்த தோலைப் பார்த்தாராம். பிறகு அதைக் கீழே வைத்துவிட்டாராம்.

அந்த நாளிலிருந்து அவர் தன்னைக் கவனிக்கத் தொடங்கினார். அதற்கு அவர் புத்தகம் ஒன்றும் படிக்கவில்லை; யாரிடமும் யோசனை கேட்கவும் இல்லை. தேசிக்காய்த் தோலைத் தேடிக் கை போனால், அங்கேயே நிறுத்தி, யார் மேல், எதற்காக என்று தன்னையே கேட்பார். விடை கிடைத்ததும் றலியாவிடம் போய்ச் சொல்லுவார். முதலில் எல்லாவற்றுக்கும், “மனசு சரியில்ல” என்றுதான் சொன்னாராம். றலியா அதை ஏற்றுக்கொள்ளவில்லை. காய்ச்சல்காரனும் அதைத்தான் சொல்லுவான். கோவமா, பயமா, வெட்கமா, கவலையா, ஒன்றைச் சொல்லுங்கள் என்று நிற்பாராம். மஹ்ரூபுக்கு அது கடினமாக இருந்தது. அடுத்தவர் முகத்தில் இந்த நான்கையும் பந்தலின் மறுகோடியிலிருந்தே பிரித்தறியக் கூடியவர், தன்னிடம் எது இருக்கிறது என்று சொல்ல ஒரு மாலை முழுவதும் எடுத்துக்கொண்டார். ஆனால் பிரித்தறியும் பழக்கம் அவருக்கு முப்பது வருடப் பழக்கம் அல்லவா? அதை உள்ளே திருப்பியதும், மெதுவாக என்றாலும், வேலை செய்தது.

அப்படிப் பார்த்துப் போனபோது ஒன்றைக் கண்டுகொண்டதாகப் பிறகு என்னிடமே சொன்னார். தகப்பனார் இறந்தபின் அந்த வீட்டில் அடுப்பெரிந்தது அண்ணனின் உழைப்பில். அண்ணன் சோற்றில் வளர்கிறவன் அண்ணன்மேல் கோபப்படக்கூடாது என்று பதினான்கு வயதில் தனக்குத் தானே விதித்துக்கொண்டார். பிறகு அந்த விதியைத் தளர்த்த மறந்துபோனார். பிறர் சண்டையையும் அவரால் பார்த்துக்கொண்டு நிற்க முடியாது. ஆகவே சண்டைக்காரர்களைத் தள்ளித் தள்ளி இருத்தினார். “அவங்களுக்காகத்தான் செய்றண்டு நெனச்சேன் ஐயா. பாதி எனக்காகச் செஞ்சது” என்றார். வருத்தத்தோடு சொல்லவில்லை. அளந்து பார்த்து அளவைச் சொல்வது போலச் சொன்னார்.

பிலிமத்தலாவையில் விருந்துகளுக்குச் சமைத்துக் கொடுக்கிற ஒருவர் இருக்கிறார். சஹனை நசுக்கித் திருப்பித் தருவது அவர் வழக்கம். அந்த மார்ச் மாதம் அப்படி நான்கு சஹன் நசுங்கி வந்தன. கடையில் நான் இருந்தேன். மஹ்ரூப் அவரைக் கதிரையில் இருக்கச் சொல்லி, இதைப் பார்த்ததும் தனக்குக் கோபம் வந்தது என்று நேராகச் சொன்னார். சொல்லாமல் விட்டால் அடுத்த முறை சஹன் கையிருப்பில் இல்லையென்று பொய் சொல்லிவிடுவேன், அதனால்தான் சொல்கிறேன் என்றார். வந்தவர் கேட்டார்:

“அப்ப இவ்வளவு காலமும் இல்லண்டு சொன்ன நேரமெல்லாம்?”

“கடையில ஈந்திச்சு” என்று ஒப்புக்கொண்டார் மஹ்ரூப்.

இருவரும் சிரித்துவிட்டார்கள். அதற்குப் பிறகு அவரிடமிருந்து ஒரு சஹனும் நசுங்கி வந்ததாக நான் அறியவில்லை.

எல்லாம் இப்படி நேராகப் போகவில்லை. ஆஸியா உம்மாவின் சொல் உள்ளே உறுத்திக்கொண்டிருந்ததால் மஹ்ரூப் ஒரு அவசர வேலை செய்தார். மே மாதத்தில் ஒரு கலியாணத்தில், எல்லைச் சுவர் விடயத்தில் பகைத்திருந்த மச்சான்மார் இருவரை, ஒரு வார்த்தை கேட்காமல் ஒரே சஹனில் இருத்திவிட்டார். ஒருவர் முதல் பிடி எடுக்கும் முன்பே எழுந்து கை கழுவிக்கொண்டு வீட்டுக்குப் போனார். மீதி ஐந்து பேரும் தலை நிமிராமல் சாப்பிட்டார்கள். அன்று மாலை அவர் எத்தனை சஹன் தேய்த்தார் என்று றலியா சொல்லவில்லை. “இண்டைக்கு வெட்கம்” என்று அவரே வந்து சொன்னதை மட்டும் சொன்னார்.

அதன் பிறகு முறையை மாற்றினார். கலியாணத்துக்குச் சில நாட்கள் முன்பே, பகையுள்ள இருவரில் ஒருவரைத் தனியே கண்டு, ஒரே சஹனா வேறா என்று கேட்பார். வேறு என்று சொன்னால் வேறுதான், மறுபேச்சில்லை. சிலர் மட்டும் ஆம் என்றும் இல்லை என்றும் சொல்லாமல், “அவருக்கிட்டயும் கேட்டீங்களா?” என்று திருப்பிக் கேட்பார்கள். அந்தக் கேள்வி வந்தால் மஹ்ரூப் உடனே மற்றவர் வீட்டுக்கு நடப்பார். அவர் கேட்ட மூன்று நான்கு பேரில் ஒருவராவது அப்படித் திருப்பிக் கேட்டிருக்கிறார். இப்படி ஒரு வருடத்துக்குள் இணைந்த சஹன்களை நான் அறிவேன். பெயர் சொல்வது முறையல்ல.

இதற்கிடையில் மஹ்ரூபின் மகன் நபீலுக்குக் கலியாணம் நிச்சயமானது. பெண் அக்குறணை. வலீமா விருந்து மாப்பிள்ளை வீட்டார் கொடுப்பது. 2024 ஆகஸ்டில், கடுகண்ணாவையில், மஹ்ரூபின் வீட்டு வளவில் பந்தல் போட்டு நடத்துவதென்று முடிவானது. தகப்பன் சம்பந்தியோடு ஒரு சஹனில் அமரத்தான் வேண்டும். இந்த முறை அடுப்படிக்குப் போக வழியில்லை. அந்தச் சஹனில் குடும்பத்துக்கு மூத்தவருக்கு ஓர் இடம் உண்டு. அது ஸிபான் மாஸ்டரின் இடம்.

கதிரை போட்டுத் தனியே இருத்திவிடலாம். ஒருவரும் குறை சொல்லமாட்டார்கள். மஹ்ரூபுக்கு அது இனி முடியவில்லை. ஜூலை மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, அண்ணனுக்கு அழைப்புச் சொல்லத் தெல்தோட்டைக்குப் புறப்பட்டபோது என்னையும் கூப்பிட்டார்.

“நீங்க ஒண்டும் பேசத் தேவல்ல ஐயா. பக்கத்துல இரிங்கோ, போதும். தனியப் போனா நான் கலஹாவுல எறங்கித் திரும்பி வந்துருவேன். எனக்கு என்னப் பத்தித் தெரீம்.”

பேராதனையில் ஏறி, கலஹா வழியாகப் போகும் பஸ்ஸில் போனோம். தேயிலைக்குள் வளைந்து ஏறும் பாதை. மஹ்ரூப் ஜன்னலைப் பார்த்தபடி, சொல்லவேண்டியதை உதட்டுக்குள் சொல்லிச் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்தார். கலஹாவில் பஸ் நின்றபோது நான் அவர் கையைப் பார்த்தேன். முன் இருக்கையின் கம்பியை இறுகப் பிடித்திருந்தது. இறங்கவில்லை.

மாஸ்டர் வீட்டில் தேநீர் வந்தது. சுகம் விசாரித்து, மழை பற்றிப் பேசி, நபீலின் வேலை பற்றிப் பேசி முடிந்தது. அழைப்பிதழைக் கொடுத்த பிறகு மஹ்ரூப் தலையைக் குனியாமல் சொன்னார்:

“நானா, கட்டுகஸ்தொட்டையில இன்ஷிராவப் பத்தி நீங்க சொன்னது எனக்கு கோவம். ஏழு வருஷமா கோவம். கோவம் இல்லண்டு நானே நம்பிக்கிட்டு ஈந்தேன். அது பொய். உங்களுக்கும் சேத்துச் சொன்ன பொய்.”

மாஸ்டருக்கு அறுபத்தெட்டு வயது, அதிபராக இருந்து ஓய்வு பெற்றவர். தம்பி இப்படிப் பேசி அவர் கேட்டதில்லை. நான் தேநீர்க் கோப்பையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

“எனக்குத் தெரீம்” என்றார் மாஸ்டர். “சொன்ன ஒடனே தெரீம். நீ ஒரு சொல்லு ஏசியிருந்தா அண்டைக்கே மாப்புக் கேட்டிருப்பேன். நீ தண்ணி ஊத்தினாய். கதிரை போட்டுத் தந்தாய். கதிரை போட்டுத் தாறவன்கிட்ட என்னண்டு போய் மாப்புக் கேக்கிற?”

“அப்ப வருவீங்களா?”

“வாறண்டு இப்ப சொல்ல மாட்டேன். என்ன யோசிக்க உடு.”

திரும்பும் வழியில் மஹ்ரூப் பேராதனையில் இறங்கியதும் ஒரு சாப்பாட்டுக் கடைக்குள் போய் இரண்டு தடவை சோறு வாங்கிச் சாப்பிட்டார். வருகிறாரோ இல்லையோ, சொல்லவேண்டியதைச் சொல்லியாகிவிட்டது என்றார்.

வலீமா நாளன்று மஹ்ரூப் வாசலில் நிற்கவில்லை. வேறு யாரையும் நிறுத்தவும் இல்லை. வந்தவர்கள் செருப்பைக் கழற்றிவிட்டு, பஸ் வராத தரிப்பிடத்தில் நிற்பவர்கள் போலப் பந்தலின் விளிம்பில் நின்றார்கள். எங்கே இருப்பது என்று கேட்டவர்களிடம், “விருப்பமான எடத்துல இரிங்கோ” என்றார் மஹ்ரூப். அதைக் கேட்டு அவர்கள் இன்னும் கலவரப்பட்டார்கள். கடைசியில் தாங்களே அமர்ந்துகொண்டார்கள். பள்ளிவாசல் நிர்வாகத்துக்குப் போட்டியிட்ட இருவரும் நெரிசலில் ஒரே சஹனுக்குத் தள்ளப்பட்டார்கள். கொஞ்ச நேரத்தில் ஒருவர் மற்றவரிடம் அச்சாறு கேட்பதைக் கண்டேன்.

மஹ்ரூபின் சஹனில் அவரும் சம்பந்தியும் சம்பந்தியின் தம்பிமார் இருவரும் நானும் இருந்தோம். மஹ்ரூபுக்கு வலது பக்கம் ஓர் இடம் வெறுமையாக இருந்தது. பரிமாறும் இளைஞன் ஒருவன் ஐந்து பேர்தானே என்று ஓர் ஆளைக் கூட்டிவந்தான். அது நிரம்பிய இடம் என்று மஹ்ரூப் சொல்லி அனுப்பினார். சோற்றில் ஆவி குறைந்துகொண்டிருந்தது. சம்பந்தி அந்த இடத்தையும் மஹ்ரூபின் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். புதுச் சம்பந்தி முன்னால் குடும்பப் பிணக்கு வெளிப்படுவதை எவரும் விரும்பமாட்டார்கள். பழைய மஹ்ரூப் இந்த இடத்தில் சிரித்துச் சமாளித்திருப்பார்.

“எனக்குப் பயமா ஈக்கிது சம்பந்தி” என்றார். “நானாவுக்கும் எனக்கும் ஒரு மனத்தாங்கல். வாறாரோ இல்லையோ தெரீல்ல. நீங்க பசியில காத்துக்கிட்டு ஈக்கத் தேவல்ல, பிஸ்மில்லாச் சொல்லித் தொடங்குவோம். அந்தப் பக்கத்த மட்டும் உடுங்கோ.”

சம்பந்தி தலையை ஆட்டினார். தம் வீட்டிலும் இப்படி ஒரு நானா இருக்கிறார் என்று மெல்லச் சொல்லிக் கை வைத்தார். நாங்கள் உண்ணத் தொடங்கினோம். ஐந்து பக்கம் சோறு குறைந்துகொண்டு வந்தது. ஆறாவது பக்கம் அப்படியே நின்றது. மஹ்ரூபுக்குத் தரையில் அமர்ந்து பழக்கமில்லாததால் கால் மரத்து, இரண்டு முறை மாற்றி மடித்தார்.

வீதியில் முச்சக்கர வண்டி நின்ற சத்தம் கேட்டது. ஸிபான் மாஸ்டர் தடியை ஊன்றிப் பந்தலுக்குள் வந்தார். பழக்க தோஷத்தில் யாரோ ஓடிப்போய்க் கதிரை எடுத்துவந்தார்கள். மாஸ்டர் அதை வேண்டாம் என்று கையால் ஒதுக்கினார். மஹ்ரூப் எழுந்து தோள் கொடுக்க, மெதுவாகப் பாயில் இறங்கி, மடக்க முடியாத காலை நீட்டிக்கொண்டார். கால் ஏறக்குறைய தம்பியின் மடியில் கிடந்தது. கை கழுவிவிட்டுத் தம் பக்கத்துச் சோற்றைத் தொட்டுப் பார்த்தார்.

“சோறு ஆறிட்டுதே.”

“நீங்க பிந்தி வந்தீங்க நானா. அது எனக்கு கோவம்.”

மாஸ்டர் என் பக்கம் திரும்பினார். “மத்தியாஸ், இவன் இப்ப எல்லாத்துக்கும் இப்பிடியா?”

“இப்ப இப்பிடித்தாங்க மாஸ்டர்” என்றேன். “எங்க வீட்டு நாய் குரைச்சாக்கூட வந்து சொல்லிட்டுத்தான் போறாரு.”

சம்பந்திதான் முதலில் சிரித்தது. மாஸ்டர் சிரிக்கவில்லை, ஆனால் கோழியைப் பிய்த்து, நல்ல துண்டு ஒன்றைத் தம்பியின் பக்கம் தள்ளினார். மஹ்ரூப் அதை எடுத்து உண்டார். பிறகு மஹ்ரூப், இன்ஷிரா இப்போது குண்டசாலையில் ஒரு பாடசாலையில் படிப்பிக்கிறாள் என்றும், சாப்பாடு முடிந்ததும் அவளைக் கூப்பிடட்டுமா, அல்லது அவளிடம் முதலில் தான் பேசி வைக்கட்டுமா என்றும் கேட்கத் தொடங்கினார். மாஸ்டர் இடைமறித்தார்.

“மகள்ட்ட சொல்ல வேண்டியத நானே சொல்றேன். நீ நடுவுல நிண்டு எடம் பிரிக்காதே.”

மஹ்ரூப் தலையாட்டிவிட்டு மறுபடி சோற்றில் கை வைத்தார்.

சாப்பாடு முடியும் தறுவாயில், பெண்கள் பகுதிக்குப் போகும் நடையில் மாஸ்டரும் இன்ஷிராவும் நின்று பேசுவதைத் தூரத்தில் கண்டேன். என்ன பேசினார்கள் என்பது எனக்குத் தெரியாது, ஆகவே எழுதவில்லை. அவள் பெரியவாப்பாவின் தடியைக் கையில் வாங்கிக்கொண்டு, அவரைத் தன் தோளைப் பிடிக்கச் செய்து பந்தலுக்குக் கூட்டிவந்ததைக் கண்டேன். வந்தவர் மறுபடியும் அதே பாயில், அதே சஹனுக்கு முன்னால் இருந்துகொண்டார். அவர் பக்கத்துச் சோறு பாதி மிச்சம் இருந்தது. மஹ்ரூபும் எழுந்திருக்கவில்லை. நாங்கள் மற்ற நால்வரும் கை கழுவி எழுந்தோம்.

மற்றச் சஹன்கள் எல்லாம் கிணற்றடிக்குப் போய்விட்டன. பாய்களைச் சுருட்டத் தொடங்கினார்கள். அவர்கள் இருவரும் தகப்பனாரின் கடையில் முன்பு இருந்த தராசைப் பற்றியும், தெல்தோட்டைப் பாடசாலையைப் பற்றியும், இன்ஷிராவின் வகுப்பில் எத்தனை பிள்ளைகள் என்பது பற்றியும் பேசிக்கொண்டிருந்தார்கள். வலது கையை மடித்து முன்னால் வைத்திருந்தார்கள்; விரல்களில் சோறு காய்ந்து ஒட்டிக்கொண்டிருந்தது. றலியா ஆள் அனுப்பி, கழுவ இன்னும் ஒரே ஒரு சஹன்தான் பாக்கி என்று சொல்லச் செய்தார்.

“காத்துக்கிட்டு ஈக்கச் சொல்லு” என்றார் மஹ்ரூப்.